எந்தக் கர்னல், நெவில்?

“எந்தக் கர்னலின் மூலநிரலை எடுத்துக்கொள்வது?” என்று மடிக்கணினி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. நெவில் பாஸ்கோ அந்தக் கேள்வியைப் பதினெட்டு நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே எடைமேடைக்கு முன்னால், பார்லி ஏற்றிய இருபத்து மூன்று லாரிகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நெவில் எங்கள் டின்ட்ரா ஊர்க்காரன். கெட்டிக்காரன், நல்லவன், ஆனால் எதையும் சட்டென்று தேர்ந்தெடுக்கத் தெரியாதவன். பேக்கரியில் இறைச்சி பேஸ்டியா காய்கறி பேஸ்டியா என்று அவன் முடிவு செய்வதற்குள் இரண்டும் விற்றுத் தீர்ந்துவிடும். கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கப் போனபோது அவன் மனைவி அலுத்துப்போய்த் தானே ஒன்றை எடுத்து விரலில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அப்படிப்பட்டவனிடம் போய்ப் பட்டியல் போட்டு, இதில் ஒன்றை எடு என்று ஒரு கணினி கேட்டால் என்ன ஆகும்?

அன்று காலை ஆறு மணிக்கு அடிலெய்டில் இருக்கிற தலைமை அலுவலகம் தன் கணினிக்குப் புதுப் பூட்டு போட்டது. எங்கள் சைலோவின், அதாவது தானியக் கிடங்கின், எடைமேடைக் கணினிப் பெட்டியில் இருக்கும் பழைய புரோகிராமை அந்தப் பூட்டு உள்ளே விடவில்லை. எடை பதிவாகாமல் லாரி உள்ளே போக முடியாது. புதுப் புரோகிராமை எழுத்தாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். அதை எடைமேடைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்க ஒரு கம்பைலர் வேண்டும்.

அந்தக் கம்பைலர் நெவிலிடம் இருந்தது, போன குளிர்காலம் வரை. அப்புறம் எலி வந்தது. எங்கள் தீபகற்பத்தில் எலிப் படை கிளம்பினால் காரின் வயரையும் விடாது, தேவாலயத்து ஆர்கனையும் விடாது. நெவிலின் கொட்டகையில் இருந்த கணினியை உள்ளிருந்து தின்று தீர்த்துவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் மரியாதையாக விட்டுவைத்திருந்தது.

ஆகவே கம்பைலரையே முதலிலிருந்து கட்ட வேண்டும். கட்டுகிற வேலையை மடிக்கணினி தானாகப் பார்த்துக்கொள்ளும், ஐம்பது நிமிடம் ஆகும். ஆனால் ஆரம்பத்திலேயே எந்தக் கர்னலை நம்பிக் கட்டுவது என்று கேட்கும். கர்னல் என்பது இயங்குதளத்தின் அடிவயிறு; அதை எழுதிய மூல வரிகள்தான் மூலநிரல். பெட்டிக்குள் இருப்பதைவிடப் புதிய கர்னலை நம்பிக் கட்டினால், புரோகிராம் பெட்டிக்குள் போய்க் கண்விழித்ததும் ‘இங்கே கர்னல் ரொம்பப் பழசு’ என்று சொல்லிவிட்டு அங்கேயே செத்துப்போகும். ரொம்பவும் பழையதை நம்பினால் கம்பைலரே பாதியில் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். எடுத்தது தப்பு என்பது ஐம்பது நிமிடம் தொலைந்த பிறகுதான் தெரியவரும்.

இதையெல்லாம் சைலோ மேனேஜர் லாரல் ஹெய்னிக்கிடம் நெவில் காலையிலேயே விளக்கியிருந்தான். பன்னிரண்டு நிமிடம் விளக்கினான். பள்ளியில் அவனுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள் அவள். பார்த்தால் கேட்பதுபோலத்தான் இருந்தது.

மேசையில் அவளுடைய கையருகே ஒரு காகிதம் கிடந்தது. அது பராமரிப்பு ஒப்பந்தம். நெவிலின் ஒப்பந்தம் அன்று மாலையோடு முடிகிறது. அடிலெய்டிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் அந்த வேலையைக் கேட்டு ஒரு மாதமாக லாரலுக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்ததை நெவில் தலைகீழாகவே படித்துவிட்டான். இந்த வேலை போனால் ஊரில் அவனுக்கு வேறு பிழைப்பில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டியதுதான்.

“பெட்டியில என்ன கர்னல் இருக்குன்னு தெரிஞ்சா போதும், லாரல். பாஸ்வேர்டு எழுதின தாள் உன்கிட்டதானே இருக்கு?”

“எங்கயோ வெச்சேன், தேடறேன். நீ அதுக்குள்ள ஆரம்பிச்சுடேன். மூணு வருஷம் முன்னாடி நீதானே எல்லாத்தையும் புதுசா போட்டே?”

போட்ட ஞாபகம் நெவிலுக்கும் மங்கலாக இருந்தது. ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு, பட்டியலில் ஓரளவு புதிதாக இருந்த கர்னலைத் தேர்ந்தெடுத்து விசையைத் தட்டினான். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

எடைமேடைக் குடிலில் இருபது வருடமாக வேலை பார்க்கும் ஜாய்லீன் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சைலோவின் பின்பக்கத்திலிருந்து டங் டங் என்று சுத்தியல் சத்தம் கேட்டது. என்ன அது என்று நெவில் கேட்டான். வேலையில்லாமல் நிற்கிற பசங்க துரு தட்டுகிறார்கள் என்றாள் அவள்.

மாலை நான்கு மணிக்கு மழை என்று வானொலி சொன்னது. நனைந்த பார்லியை மதுபானக்காரர்கள் வாங்க மாட்டார்கள். ஆடு மாடுதான் தின்னும். ஒரு வருட உழைப்பு தார்ப்பாயின் ஓட்டையில் போய்விடும் என்பது வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஐம்பது நிமிடம் கழித்து கம்பைலர் தயாரானது. சோதனைக்காக ஒரு பொய்ப் புரோகிராமை மாற்றி, பென் டிரைவில் ஏற்றி, பெட்டியில் செருகினான். பெட்டியின் சின்னத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. கர்னல் ரொம்பப் பழசு.

அப்போதுதான் நெவிலுக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் புதுப்பித்தது இந்தப் பெட்டியை அல்ல, பந்து உருட்டும் கிளப்பின் மதிப்பெண் பலகையை. அவன் காது சிவந்துவிட்டது.

லாரல் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. அவன் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

“பரவாயில்லை நெவ். பதற்றப்படாம பண்ணு.”

லாரல் ஹெய்னிக் அவ்வளவு பொறுமையாகப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. ஒப்பந்தத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க முடிவு செய்துவிட்டாள், அதனால்தான் சாவு வீட்டில் பேசுகிற மாதிரி பேசுகிறாள் என்று நெவில் நினைத்துக்கொண்டான்.

பயம் வந்தவன் ஒரேயடியாக எதிர்ப்பக்கம் ஓடுவான். இனி புதுசு பக்கமே போகக் கூடாது என்று பட்டியலின் அடிமட்டத்துக்கு இறங்கி, இருப்பதிலேயே கிழட்டுக் கர்னலைப் பிடித்தான். பழையதை நம்பிக் கட்டினால் எந்தப் பெட்டியும் மறுக்காது என்பது அவன் கணக்கு. பெட்டி மறுக்கவில்லை. அதற்கு முன்னால் கம்பைலரே மறுத்துவிட்டது, நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில். இவ்வளவு பழைய கர்னலோடு நான் சேர மாட்டேன் என்று ஒரு பக்கத்துக்குச் சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு நின்றது.

மணி பதினொன்று. லாரிகள் முப்பத்தெட்டு. மேற்கே, வளைகுடாவுக்கு மேல், வானத்தின் ஓரம் கறுத்திருந்தது.

வரிசையின் முதல் லாரி மெர்வ் கிளாஸுடையது. எழுபது வயது, காலை ஐந்து மணிக்கே வந்தவர். அவர் ஜன்னலுக்கு வந்து உள்ளே தலையை நீட்டினார். அவர் தொப்பியோடு பத்துப் பதினைந்து ஈக்களும் தலை நீட்டின.

“என்ன தம்பி, ஆச்சா?”

“இன்னும் கொஞ்சம், மெர்வ்.”

“மோட்டாரு கீட்டாருன்னா நானே எறங்கி ரெண்டு அடி குடுத்து, ரெண்டு வார்த்தை திட்டிட்டு வந்திருப்பேன். கம்ப்யூட்டருங்கறாங்க. அதை என்னன்னு திட்டறது, எங்கன்னு அடிக்கறது?” என்று பெருமூச்சு விட்டார். திரும்பிப் போய் லாரி நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்தார். பின்னால் நின்ற முப்பத்தேழு பேரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். யாரோ சீட்டுக்கட்டுகூட எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் சத்தம் போட்டிருந்தால்கூட நெவிலுக்குத் தேவலை. அந்த அமைதிதான் அவன் கழுத்தை நெரித்தது.

பாஸ்வேர்டுத் தாள் ஒருவழியாகக் கிடைத்தது. தேயிலை டப்பாவுக்குள் இருந்ததாம். பெட்டிக்குள் நுழைந்து கேட்டான். மூன்று புள்ளி இரண்டு என்று பெட்டி பதில் சொன்னது. இதைக் கேட்க அரை நிமிடம்தான் ஆனது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் டப்பாவைத் திறந்திருந்தால் என்று நினைத்தபோது அழுகை வந்தது. பட்டியலில் மூன்று புள்ளி இரண்டைத் தேடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டினான்.

இந்த முறை கம்பைலர் முழுசாக வந்தது. பொய்ப் புரோகிராம் பெட்டிக்குள் போய்ச் சமர்த்தாக ஓடியது. உண்மையான எடைப் புரோகிராமைக் கொடுத்தான். அது பாதியில் கையைத் தூக்கிவிட்டது. மேடைக்கு அடியில் எடையை உணர்கிற அட்டையிடம் எப்படிப் பேசுவது என்கிற குறிப்பு அந்தக் கர்னலில் இல்லை. பெட்டியைத் தயாரித்தவர்கள் மூன்று புள்ளி இரண்டை எடுத்து, அந்தக் குறிப்பைத் தாங்களே சேர்த்துவைத்திருக்கிறார்கள். பட்டியலில் இருப்பதோ ஊருக்குப் பொதுவான மூன்று புள்ளி இரண்டு.

ஆனால் நெவில் முட்டாள் இல்லை. அந்தக் குறிப்பு ஆறே வரி. அவனுடைய பழைய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். அதைப் பார்த்துக் கையால் தட்டிச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. அன்று முதன்முறையாக அவன் முகம் மலர்ந்தது.

“லாரல், பத்து நிமிஷம் குடு. ஓட ஆரம்பிச்சுடும்.”

லாரலின் முகம் வெளுத்துப்போனது.

“பத்தா?”

அவள் பின்ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுத்தியல் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“நோட்டுல பென்சில்ல எழுதினதை நம்பியா நெவ்? எடை ஒரு கிலோ தப்பினா இன்ஸ்பெக்டர் வந்து மேடைக்கே சீல் வெச்சுட்டுப் போயிடுவார். அந்தப் பட்டியல்லயே கடைசியா, நம்மகிட்ட இருக்கற சொந்த மூலநிரலைக் காட்டலாம்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னியே. பெட்டி செஞ்சவங்க குடுத்ததே இருக்குமே.”

பன்னிரண்டு நிமிட விளக்கத்தை ஒருத்தி காதில் வாங்கியிருக்கிறாள் என்பதே நெவிலுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவன் மனைவிகூட மூன்றாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவாள். லாரல் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆறு வரியில் ஒரு எழுத்து தப்பினால்? ஒரு எண் மாறியிருந்தால்? அவன் நெஞ்சுக்குள் சந்தேகம் ஏறி உட்கார்ந்துவிட்டால் பிறகு அதை எழுப்ப யாராலும் முடியாது. நோட்டை மூடி வைத்தான்.

பெட்டி வந்தபோது கூடவே ஒரு சிடி வந்திருந்தது. லாரல் அலமாரியைக் குடைந்து, வெகு நேரம் குடைந்து, ஒரு சிடியை எடுத்துக் கொடுத்தாள். மடிக்கணினியில் சிடி போட இடமில்லை. ஊரில் சிடி போடுகிற ஒரே கணினி ஆரம்பப் பள்ளி நூலகத்தில் இருந்தது. நெவில் வரிசையை ஒட்டியே கார் ஓட்டிக்கொண்டு போனான். நாற்பத்தாறு லாரிகள். ஒவ்வொரு ஓட்டுநரும் இருந்த இடத்திலிருந்தே ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நாற்பத்தாறு விரலுக்கும் அவன் ஒரு விரல் தூக்கிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளியில் சிடியைத் திறந்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். சைலோ ஊழியர்களின் கிறிஸ்துமஸ் விருந்து. லாரல் கையில் இறைச்சி இடுக்கியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கர்னல் எங்காவது ஒளிந்திருக்குமோ என்று முந்நூற்றுப் பன்னிரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.

திரும்பி வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜாய்லீனிடம் சிடியை நீட்டி, கிறிஸ்துமஸ் விருந்து என்றான். அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். எட்டிப் பின்ஜன்னல் வழியே எதையோ பார்த்துவிட்டு, தேநீர்க் கோப்பைகளுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்தாள். தேடவே இல்லை, நேராகக் கை விட்டு எடுத்தாள்.

“இதுவா பாரு கண்ணு.”

மறுபடியும் பள்ளி, இப்போது ஐம்பத்தொரு விரல். இந்த முறை மூலநிரல் இருந்தது; பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு திரும்பினான். பட்டியலின் கடைசி வரிக்குப் போய், சொந்த மூலநிரல் என்பதைத் தேர்ந்தெடுத்து, இடத்தைக் காட்டி, விசையைத் தட்டியபோது மணி இரண்டு நாற்பது. இதுவும் தப்பினால் நாலு மணிக்குள் இன்னொரு தடவை கட்ட நேரமில்லை.

அந்த ஐம்பது நிமிடமும் அவன் உட்காரவில்லை. கறுப்பு மேகம் வளைகுடாவைத் தாண்டிக் கரைக்கு வந்துவிட்டது. காற்று திரும்பி, மண் வாசனையை முன்னால் அனுப்பியது. தார்ப்பாய்கள் படபடத்தன. மெர்வ் நாற்காலியை மடக்கிவிட்டு எழுந்து நின்று வானத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். சீட்டாட்டம் நின்றது. அறுபத்தொரு பேர் தலையைத் தூக்கி நின்றார்கள். லாரல் பின்ஜன்னலுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். பின்பக்கச் சுத்தியல் சத்தம் எப்போது நின்றது என்று நெவில் கவனிக்கவில்லை.

மூன்று முப்பத்திரண்டுக்குக் கம்பைலர் வந்தது. எடைப் புரோகிராமைக் கொடுத்தான். முறைக்காமல் வாங்கிக்கொண்டது. பென் டிரைவை எடுத்துப் பெட்டியில் செருகினான். சின்னத் திரை இருண்டது. இருண்டே இருந்தது. நெவில் தன் வீட்டை, தோட்டத்து எலுமிச்சை மரத்தை, விற்பனைக்கு என்று வாசலில் நடப்போகும் பலகையை எல்லாம் அந்த இருட்டில் பார்த்துவிட்டான்.

பிறகு பச்சையாக ஒரு பூஜ்யம் வந்தது. மெர்வுடைய லாரி மேடையில் ஏறியதும் பூஜ்யம் நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சமாக மாறியது. அடிலெய்டு பூட்டு திறந்தது, ரசீது வந்தது, தடுப்புக் கம்பி மேலே எழும்பியது. நெவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள் உள்ளே போயின. மேகம் எங்களைப் பார்த்து நாலு துளி தூவிவிட்டு, தெற்கே கடல் பக்கம் போய்விட்டது. மெர்வ் பார்லியைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது லாரியை நிறுத்தி இறங்கி வந்து நெவிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொப்பியைக்கூடக் கழற்றினார். அவர் வழுக்கையை அன்றுதான் ஊர் பார்த்தது.

லாரல் ஒப்பந்தத்தை எடுத்தாள். காலியிடத்தில் நெவில் பாஸ்கோ என்று எழுதி, ஒரு வருடம் என்று அச்சிட்டிருந்ததை அடித்து மூன்று என்று திருத்தி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

“லாரல், நான் இன்னிக்கு ரொம்ப நேரம் எடுத்துட்டேன். எனக்கே தெரியும்.”

“நீ இப்படியே இரு நெவ். மாறிடாதே.”

எட்டு மணி நேரமாக அவனை அரித்துக்கொண்டிருந்த பயம் முழுக்க இறங்கிப்போய், அந்த இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது. வேகம் பெரிதில்லை, சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிது என்று உணர்ந்தவள் ஊரில் ஒருத்தியாவது இருக்கிறாளே. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

சைலோவின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்ன டிரக் வந்தது. முழங்கை வரை கிரீஸ் பூசிய நாலு பேர் அதில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலடியில், இரண்டாக அறுந்த கறுப்பு பெல்ட் ஒன்று சுருட்டிக் கிடந்தது. கிடங்குக்குத் தானியத்தை மேலே ஏற்றுகிற பெல்ட். அவர்களும் விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். நெவில் பதிலுக்கு விரலைத் தூக்க மறந்தான். துரு தட்டினவர்களா இவர்கள்?

குடிலின் படியில் ஜாய்லீன் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிவிட்டுக் கடைசித் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். நெவில் அந்த டிரக்கைக் கையால் காட்டினான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னாள்.

“காலையில ஆறரைக்கே பெல்ட் அறுந்துடுச்சு கண்ணு, அதைச் சொன்னா அத்தனை லாரியும் திரும்பி அடுத்த ஊருக்குப் போயிடும், கம்ப்யூட்டர்னு சொன்னா ஒருத்தரும் நகர மாட்டாங்கன்னா லாரல். அடிலெய்டு ஆளு பத்தே நிமிஷத்துல முடிச்சுத் தரேன்னார். அதனாலதான் போனை வெச்சுட்டு உன்னைக் கூப்பிடச் சொன்னா.”